மூன்றாவது முடிச்சும் ஒரு சிவப்பு ஸ்டூலும்

தினேஷ்,

இதைக் கையால் எழுதியிருக்கிறேன். எழுத்து கோழி கிளறினது போல இருந்தால் பொறுத்துக்கொள். வலது கையில் மூன்று விரல்கள் மரத்துப்போய் ஆறு மாதம் ஆகிறது. ஊசி குத்தினால்கூட துணியில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது. நாற்பது வருடம் கத்தரிக்கோல் பிடித்த கைக்கு இப்படி வருவதுதான், சின்னதாக ஓர் அறுவைச் சிகிச்சை செய்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். உன் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப் போட்டிருக்கிறேன். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டு நீ அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால்தான் காகிதம். நீ வேலைக்குக் கொண்டுபோகும் பையில் வைத்துவிடுகிறேன். ரயிலில் இடம் கிடைத்தால் உட்கார்ந்து படி. கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே படி, உனக்கு முப்பத்தொரு வயதுதான் ஆகிறது.

கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நீ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். மண்டபம், சாப்பாடு, நாதஸ்வரம், போட்டோகிராபர் எல்லாம் முடிந்ததுதான். ஒன்று மட்டும் முடியவில்லை. அது உனக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். தெரியாத மாதிரி இருப்பது உனக்கு நன்றாக வரும், என்னிடம் கற்றுக்கொண்டதுதானே. போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக் கூடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நீ அங்கேதான் இருந்தாய். ஆனாலும் நான் பார்த்தபடி ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் தேக்காவில் என் தையல் கடைக்கு ஆள் வருகிற நாள். உன் அத்தை வருகிறார் என்பதற்காக அன்று மதியமே கடையைப் பூட்டிவிட்டு செங்காங்கில் நம் வீட்டுக்கு வந்தேன். உன் அக்கா புவனா புக்கிட் பாஞ்சாங்கிலிருக்கும் தன் வீட்டிலிருந்து எனக்கு முன்பே வந்து, சோறு வடித்து, வெற்றிலைத் தட்டுகளைத் துடைத்து அடுக்கியிருந்தாள். சாப்பிட்டு முடித்து, கல்யாண மேடையில் யார் எங்கே நிற்பது என்று பேசிக்கொண்டிருந்தோம். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். தாலியில் முதல் இரண்டு முடிச்சு மாப்பிள்ளை போடுவது, மூன்றாவது முடிச்சு மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் போடுவது. என் கழுத்தில் அந்த மூன்றாவது முடிச்சைப் போட்டவர் உன் அத்தைதான். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "மூணாவது முடிச்சுக்கு ரேகாவச் சொல்லிடலாம். பெரியப்பா மகளும் அக்காதானே. ரெண்டு ஆம்பளப் பிள்ளை பெத்தவ, கை ராசியான பொண்ணு. புவனா… நான் தப்பா சொல்லல. வாழாம வந்த பொண்ணு கையால முடிச்சு போட்டா நாலு பேர் பேசுவாங்க. அவளுக்கே ஒரு மாதிரி இருக்கும் லா."

புவனா தேநீர்த் தட்டோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டது. நான் "சரி அண்ணி" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. பயந்துகொண்டும் சொல்லவில்லை. பேருந்தில் யாராவது கொஞ்சம் நகரச் சொன்னால் நகர்வோமே, அப்படிச் சொன்னேன். நீ போனில் போட்டோகிராபர் அனுப்பிய படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தாய். உன் விரல் நின்றது. தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தாய். பிறகு மறுபடியும் படங்களைத் தள்ள ஆரம்பித்தாய். புவனா தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். எல்லோரும் குடித்தோம். கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தாள், பையை எடுத்துக்கொண்டாள். "ஓகேம்மா, நான் கிளம்புறேன்" என்றாள். லிஃப்ட் வரை நான்தான் கூடப் போனேன். "பஸ்ஸுல போறியா, ட்ரெய்னா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்.

அன்று சாயங்காலம் அவளுடைய ரவிக்கைத் துணி வீட்டில் என் தையல் மேசையில் கிடந்தது. பச்சைப் பட்டு. இரண்டு மாதத்துக்கு முன்பு அவளே கொண்டுவந்து கொடுத்தது. ஆறு வருடமாக என்னிடம் அவள் எதுவும் தைக்கக் கேட்டதில்லை. "கை முட்டி வரைக்கும் வைங்கம்மா. முடிச்சு போடும்போது என் கைதான் வீடியோவுல தெரியும்" என்று சொல்லிக் கொடுத்தாள். அந்தத் துணியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, நீ கட்டிக்கொள்ளப் போகிற நிஷாவின் கல்யாண ரவிக்கைக்குக் கொக்கி வைக்க உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கோபம் வரும் என்று பார்த்தேன், அதுவும் இல்லை. பதினான்கு கொக்கி வைத்தேன். விரலைப் பற்றி மேலே எழுதினேனே, உள்ளேயும் அப்படித்தான் இருந்தது, தம்பி. எப்போதிலிருந்து இப்படி என்று அன்றுதான் யோசித்தேன். யோசித்தால் பட்டியல் நீளமாகப் போகிறது.

நான் வளர்ந்தது செம்பவாங்கில் என்பது உனக்குத் தெரியும். உன் தாத்தாவுக்குக் கப்பல் பட்டறையில் வேலை. விடுமுறை நாளில் அண்ணன்கள் மூன்று பேரும் கடற்கரைக்குப் போவார்கள், என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் போவது குளிப்பதற்கு இல்லை, அவர்கள் சட்டையையும் செருப்பையும் பார்த்துக்கொள்வதற்கு. மூன்று சட்டை, மூன்று ஜோடிச் செருப்பு. மணலில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பேன். யாரும் என்னைக் கடலில் இறங்காதே என்று சொன்னதாக ஞாபகமே இல்லை. நான் கேட்டதாகவும் ஞாபகம் இல்லை. இத்தனை வருடம் ஒரு தீவில் வாழ்ந்திருக்கிறேன், முழங்காலுக்கு மேல் கடலில் நனைந்ததில்லை. இதை உன்னிடம் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. எனக்கு அது வருத்தமாகவே இருந்ததில்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன். வருத்தப்பட வேண்டிய விஷயம் என்று தெரியாமலே ஒரு பெண் பிள்ளை வளர்ந்துவிட முடியும்.

உன் அக்காவைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அவளுக்கு ஆஸ்துமா கிடையாது. எப்போதும் இருந்ததில்லை. நீ இன்றுவரை இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாய். போன வருடம்கூட புகைமூட்டம் வந்தபோது "அக்காவை மாஸ்க் போடச் சொல்லுங்க" என்று என்னிடம் சொன்னாய். உனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பன்னிரண்டு. பள்ளியில் நானூறு மீட்டர் ஓட்டத்தில் அவள்தான் முதலில் வருவாள். கால் தரையில் படுகிறதா இல்லையா என்று தெரியாது. அந்த வருடம் அவள் பெரிய பெண்ணானாள். சடங்கு செய்தோம், மண்டபம் பிடித்து, இருநூறு பேருக்குச் சொல்லி. "எல்லாருக்கும் தெரியணுமாம்மா?" என்று என் காதில் கேட்டாள். பேசாமல் நில் என்றேன். அடுத்த வாரம் அவள் அரைக்கால் சட்டையோடு பயிற்சிக்குக் கிளம்பியபோது உன் அத்தை, "இன்னுமா ஓட விடுறே?" என்று கேட்டார். ஒரு கேள்விதான். அன்றே நான் ஆசிரியைக்குக் கடிதம் எழுதினேன். என் மகளுக்கு மூச்சுத் திணறல், ஆஸ்துமா என்று சந்தேகம், ஓட்டப் பயிற்சியிலிருந்து விடுவிக்கவும் என்று. அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஓடக் கூடாது என்று எழுத எனக்கே வெட்கமாக இருந்தது. பொய் எழுத வெட்கமாக இல்லை.

அந்தப் பொய்யை அவள்தான் சுமந்தாள். ஆசிரியைகள் விசாரிப்பார்கள் அல்லவா? அதனால் பள்ளியில் மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்குவது போல நடிப்பாளாம். இதைப் பல வருடம் கழித்து அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். "நீங்க மாட்டிக்கக் கூடாதுன்னுதாம்மா." பன்னிரண்டு வயதுப் பிள்ளை அம்மாவைக் காப்பாற்றுவதற்காக நோயாளியாக நடித்திருக்கிறாள். நான் அன்றைக்கு அதைக் கேட்டுவிட்டு, "நல்ல வேளை, யாருக்கும் தெரியல" என்றேன்.

நான் என் பிள்ளைக்கு மட்டும் இதைச் செய்தேன் என்று நினைக்காதே. தேக்கா மாடியில் என் கடைக்கு வந்த பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எனக்குக் கணக்கே கிடையாது. அம்மா பக்கத்தில் நிற்பாள், பிள்ளை நிலைக்கண்ணாடி முன்னால் நிற்கும். "கழுத்த இன்னும் மேல ஏத்துங்க. கொஞ்சம் லூசா விடுங்க. முதுகு மூடணும்" என்பாள் அம்மா. பிள்ளை கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கும், ஆன்ட்டியாவது ஏதாவது சொல்ல மாட்டாளா என்று. நான் சாக்குக்கட்டியால் ஒரு விரல் மேலே கோடு போடுவேன். என் சாக்குக்கட்டி எப்போதும் அம்மாக்கள் பக்கம்தான். கல்யாணப் பெண் என்றால் கேட்காமலே இரண்டு பக்கமும் உள்ளே இரண்டு அங்குலத் துணி விட்டுத் தைப்பேன். பிள்ளை பெற்றுப் பருத்த பிறகு பிரித்து விட்டுக்கொள்ளலாம் இல்லையா? அந்தப் பெண் இன்னும் தாலியே கட்டிக்கொண்டிருக்க மாட்டாள். அவள் பிள்ளை பெற்ற உடம்பு என் தையலுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும்.

இப்போது உன்னிடம் வருகிறேன். கோபப்படாமல் படி. நீ என்எஸ்ஸில், கட்டாய ராணுவச் சேவையில் இருந்தபோது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் முகாமிலிருந்து வருவாய். பையைக் கவிழ்த்தால் சேறும் வியர்வையுமாக உன் சீருடை கூடத்திலேயே கிடக்கும். புவனா அதை ஊறவைப்பாள், காலரைத் தேய்ப்பாள், காயப்போடுவாள், ஞாயிற்றுக்கிழமை அயர்ன் செய்வாள். நான் ஞாயிற்றுக்கிழமை கடையில் இருப்பேன், அதனால் அவளிடம் சொல்லியிருந்தேன். ஒரு திங்கட்கிழமை அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடத் தேர்வு. "இந்த வாரம் மட்டும் அவனையே செய்யச் சொல்லுங்கம்மா" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவன் அங்க கெடந்து கஷ்டப்படுறான். நீ வீட்லதானே இருக்கே." அவள் புத்தகத்தை அயர்ன் மேசை ஓரத்தில் விரித்து வைத்துக்கொண்டு அயர்ன் செய்தாள். நீ சோபாவில் படுத்திருந்தாய். கை மடிப்பைத் தூக்கிப் பார்த்து, "அக்கா, இந்த லைன் நேரா இல்ல லா. சார்ஜன்ட் திட்டுவாரு" என்றாய். அவள் மறுபடி அயர்ன் செய்தாள். நீ கெட்டவன் இல்லை. அப்போது உனக்குப் பத்தொன்பது வயது, அப்படித்தான் உலகம் இருக்கும் என்று நினைத்தாய். நாட்டைக் காக்க உனக்கு இரண்டு வருடம் சொல்லிக்கொடுத்தார்கள். சட்டையைத் துவைக்க யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நான் உட்பட.

பிறகு அவள் கல்யாணம். மாப்பிள்ளை நல்லவர், குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார் என்று நானே தேக்கா முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையும்கூட. அவர் கை நீட்டவில்லை. அவள் வேலை முடிந்து வர ஏழு மணியைத் தாண்டினால் உள்ளே இருந்து கதவைத் தாழ் போட்டுவிடுவார், அவ்வளவுதான். இரும்புக் கதவுக்கு வெளியே காரிடாரில் அவள் நிற்க வேண்டும். சில நாள் அரை மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம். அவருக்கு மனசு வந்தால் திறப்பார். இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறாயா? ஒருநாள் பலகாரம் கொடுக்க அவள் வீட்டுக்குப் போனேன், அதே செம்பவாங்கில்தான். கதவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடந்தது. "இது யாரோட ஸ்டூல்?" என்று கேட்டேன். "எனக்குத்தாம்மா. பக்கத்து வீட்டு ஆன்ட்டி குடுத்தாங்க, நிக்க வேணாம்னு" என்றாள். அந்தச் சீன ஆன்ட்டியே கதவைத் திறந்துகொண்டு வந்தார். என்னைப் பார்த்து, "கெசியான் லா, உங்க பொண்ணு" என்றார். மலாயில் பாவம் என்றார். பக்கத்து வீட்டுக்காரிக்கு என் பிள்ளையைப் பார்த்துப் பாவமாக இருந்தது. எனக்கு மானம் போனது போல இருந்தது. அவர் உள்ளே போனதும் புவனாவிடம் சொன்னேன்: "அந்த ஸ்டூல உள்ள எடுத்து வை. எல்லாரும் பாக்குறாங்க. நீயும் கொஞ்சம் சீக்கிரம் கெளம்பி வரலாம்ல?"

அவள் ஸ்டூலை உள்ளே எடுத்து வைத்தாள். என் பேச்சை எப்போது தட்டியிருக்கிறாள்? இரண்டு முறை பெட்டியோடு நம் வீட்டுக்கு வந்தாள். இரண்டு முறையும் நான் கேட்ட முதல் கேள்வி, "மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டு வந்தியா?" என்பதுதான். இரண்டு முறையும் மூன்றாம் நாள் நானே டாக்சியில் கொண்டுபோய் விட்டேன். மூன்றாவது முறை அவள் நம் வீட்டுக்கு வரவில்லை. வேறு இடம் பார்த்துக்கொண்டாள். நீ அப்போது வெளிநாட்டு வேலையில் இருந்தாய். "அக்காவுக்கும் மாமாவுக்கும் ஒத்துவரலை" என்று ஒரே வரியில் உனக்குச் செய்தி அனுப்பினேன். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இவ்வளவு இருந்தது. எனக்கு வெட்கமாக இருக்கிறது, தினேஷ். உன் அத்தை சொன்னாரே, வாழாமல் வந்தவள் என்று. அவளை வாழவிடாமல் திருப்பித் திருப்பி அனுப்பியவள் நான். அந்தக் கூடத்தில் அதைத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி "சரி அண்ணி" என்றாள், இன்னொருத்தி கோப்பை கழுவினாள்.

நேற்றுக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, நிஷா ரவிக்கை அளவு பார்க்கக் கடைக்கு வந்தாள். போட்டுப் பார்த்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். தையல் இழுத்துப் பிடித்தது. "ஆன்ட்டி, கை இப்படித் தூக்குற மாதிரி வைங்களேன். வரவேற்புல நான் டான்ஸ் ஆடணும்" என்றாள். நாற்பது வருடத்தில் கல்யாண ரவிக்கையில் கை தூக்க வேண்டும் என்று கேட்ட முதல் பெண் அவள்தான். என் வாயில், "கல்யாணப் பொண்ணு…" என்று ஆரம்பமாகிவிட்டது. நிறுத்திக்கொண்டேன். உள்ளே மடித்து விட்டிருந்த இரண்டு அங்குலத்தைப் பிரித்தேன். பிள்ளை பெற்ற பிறகு வேண்டும் என்று விட்ட துணியை அக்குள் பக்கம் தளர்த்திக் கொடுத்தேன். அவள் மறுபடி கையைத் தூக்கினாள், ஒரு சுற்று சுற்றினாள். நல்லா இருக்கு என்றேன். அவள் போன பிறகு கடையை அடைத்துவிட்டு ரயில் பிடித்து புக்கிட் பாஞ்சாங்குக்கு, உன் அக்கா வீட்டுக்குப் போனேன். பெரிதாக முடிவெடுத்துப் போகவில்லை. கால் போனது, நானும் போனேன்.

ஆறரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். வீடு பூட்டியிருந்தது. கதவுக்கு வெளியே அந்தச் சிவப்பு ஸ்டூல் இருந்தது. அந்த வீட்டிலிருந்து அவள் எதை எடுத்துக்கொண்டு வந்தாளோ எனக்குத் தெரியாது, அதை எடுத்து வந்திருக்கிறாள். மேலே ஒரு துளசித் தொட்டி வைத்திருந்தாள். தொட்டியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம். காரிடாரில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒரு பையன் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தான். முதுகு வலித்தது. ஸ்டூலுக்குச் சாய்வு கிடையாது அல்லவா, சாய முடியாது. அவள் இப்படி எத்தனை சாயங்காலம் உட்கார்ந்திருப்பாள் என்று எண்ணிப் பார்க்க முயன்றேன், முடியவில்லை. அப்போதும் அழுகை வரவில்லை. முதுகு வலித்தது மட்டும்தான். ஆனால் எதுவோ வலித்ததே என்று இருந்தது.

ஏழரை மணிக்கு அவள் வந்தாள். அரைக்கால் சட்டை, ஓடுகிற காலணி, முகமெல்லாம் வியர்வை. செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்து ஓடுகிறாளாம், மூன்று வருடமாக. என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து அவளே சிரித்துவிட்டாள். "என்னம்மா, ஆஸ்துமா எப்படி இருக்குன்னு கேக்க வந்தீங்களா?" என்றாள். முப்பத்து நான்கு வயதில் அவள் கால்கள் அன்று இருந்தது போலவே இருக்கின்றன.

உள்ளே போனோம். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். "நான் சரின்னு சொன்னது தப்பு. அந்த ஸ்டூல உள்ள வைன்னு சொன்னதும் தப்பு. அந்த லெட்டரும் தப்பு." வரிசையாகச் சொன்னேன், பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பது போல. அவள் தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டாள். ஓடி வந்து என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. ஏன் கட்டிக்கொள்ள வேண்டும்? "நீங்க வந்தது சரிம்மா. உக்காந்திருந்தீங்கல்ல, அது எனக்குப் போதும். ஆனா நீங்க கூப்பிட்டு நான் மேடைக்கு வர மாட்டேன்" என்றாள். "பின்ன யாரு கூப்பிடணும்?" என்றேன். "அவன்தான் கூப்பிடணும். அத்தை சொன்னது அவன் காதுல விழுந்துச்சு. என்னைப் பாத்தான்மா. பாத்துட்டு போனைப் பாத்தான்." உடனே என் வாய், "அவனுக்குக் கல்யாண வேலை…" என்று தானாகத் தொடங்கிவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். முப்பது வருடப் பழக்கம், தம்பி. உன் சட்டையைக் காவல் காக்க என் கை தானாகப் போகிறது.

நேற்றுக் காலையில் உன் அத்தைக்குப் போன் செய்தேன். "ரேகா வேணாம் அண்ணி. புவனா போடுவா. அவ மாட்டேன்னா தினேஷே மூணு முடிச்சையும் போடட்டும்" என்றேன். "உனக்கு என்ன ஆச்சு? அன்னிக்குச் சரின்னியே" என்றார். "அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். "ஊரு என்ன பேசும்?" "பேசட்டும் அண்ணி. நானும் மேடையிலதான் நிக்கப் போறேன். அதையும் சேத்துப் பேசட்டும்." உன் அப்பா போனதிலிருந்து எந்தக் கல்யாணத்திலும் நான் கடைசி வரிசையில்தான் உட்காருகிறேன், யாரும் சொல்லாமலே. உன் கல்யாணத்திலும் அங்கேதான் உட்காருவதாக இருந்தேன். அத்தையைக் குறை சொல்லவில்லை. அப்பா போனபோது பதினாறு நாளும் நமக்குச் சோறு கொண்டுவந்தவர் அவர்தான். அவருக்கும் யாரோ சட்டையையும் செருப்பையும் கொடுத்து உட்கார வைத்திருப்பார்கள். கடைசியில், "என்னமோ செய்யுங்க" என்று போனை வைத்துவிட்டார். அது சம்மதமா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. எதுவானாலும் இருக்கட்டும்.

இன்னும் இரண்டு விஷயம். உங்கள் புது வீட்டுச் சாவி கிடைக்க இன்னும் ஒரு வருடம் ஆகும், அதுவரை நிஷா இங்கேதான் இருக்கப்போகிறாள். அவளுக்கென்று வாசல் சாவியும் இரும்புக் கதவுச் சாவியும் வெட்டி வைத்திருக்கிறேன். அவள் எத்தனை மணிக்கு வந்தாலும் யாரையும் கேட்காமல் திறந்துகொண்டு வரட்டும். நான் கேட்டால், ஏன் லேட்டு என்று என் வாய் தானாகக் கேட்டால், நீ குறுக்கே பேசு. போனைப் பார்க்காதே. இரண்டாவது, உன் அக்காவின் பச்சை ரவிக்கையை நேற்று ராத்திரி வெட்டிவிட்டேன். விரல் மரத்துக் கிடப்பதால் வழக்கத்தைவிட மெதுவாகத்தான் போகிறது. நாளை மறுநாளுக்குள் முடித்துவிடுவேன். கை முட்டி வரைக்கும், அவள் கேட்டபடி. அவள் போட்டுக்கொள்வாளா இல்லையா என்பது இப்போது என் கையில் இல்லை.

அது உன் கையில் இருக்கிறது. போனில் கூப்பிடாதே, செய்தி அனுப்பாதே, நிஷாவை விட்டுக் கேட்கவும் சொல்லாதே. நேரில் போ. இன்று வியாழக்கிழமை. வேலை முடிந்து நேராகப் போனால் ஆறரைக்குப் போய்விடலாம். அவள் ஓடிவிட்டு ஏழரைக்குத்தான் வருவாள். கதவு பூட்டியிருக்கும். ஸ்டூல் வெளியேதான் இருக்கிறது. துளசித் தொட்டியை இறக்கி வைத்துவிட்டு உட்கார்.

அம்மா